அடக்க விலை சார்

ஆயுதபூஜைப் பொரி தீர்வதற்குள் அவர் வேலையைத் தொடங்கிவிடுவார். நம் ஊர் அடுக்குமாடிகளில் பிளாக்குக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் கணக்கைத் துருவிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு மனைவியின் அடுப்படியைக் கைப்பற்றியவர். தீபாவளிக்குக் கடையில் ஸ்வீட் பாக்ஸ் வாங்கி நீட்டுவது சோம்பேறித்தனம் என்பது அவர் கட்சி. கையால் செய்து கொடுக்க வேண்டும். வேறு யார் வீட்டிலும் செய்யாததாக இருக்க வேண்டும். செலவு, அவர் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் தொகையை ஒரு ரூபாய்கூடத் தாண்டக் கூடாது. இந்த மூன்றில் கடைசிதான் சட்டம். முதல் இரண்டும் அதற்கு எழுதப்பட்ட விளக்கவுரை.

டப்பா சேகரிப்பு வருஷம் முழுக்க நடக்கும். ஐஸ்கிரீம் டப்பா, ஊறுகாய் பாட்டில், பக்கெட் பிரியாணி வந்த வாளி, யாரோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த எவர்சில்வர் சம்புடம் எதையும் பழைய பேப்பர்காரர் தொட முடியாது. மருந்து பாட்டில்களிலும் செருப்புப் பெட்டிகளிலும் ஈரம் உறிஞ்சுவதற்காக ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அதையும் எடுத்து வைத்துக்கொள்வார். காரணம் நியாயமானதுதான். தீபாவளி வருவது ஐப்பசியில். அடைமழையில் முறுக்கு ஒரே நாளில் நமத்துவிடும். பொட்டலத்தின் மேல் ‘சாப்பிடக் கூடாது’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். எதிர்வீட்டுக் குழந்தை அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, டப்பாவில் இருப்பது மொத்தத்துக்கும் அதுதான் உத்தரவு என்று எடுத்துக்கொண்டது. வீட்டில் யாரும் திருத்தவில்லை.

அடுத்தது ஆராய்ச்சி. அதிரசம், முறுக்கு, ரவா லாடு என்று எல்லாரும் கொடுப்பதையே கொடுத்தால் யார் கொடுத்தது என்று யாருக்கு நினைவிருக்கும் என்பார். இதில் உண்மை இருக்கிறது. தீபாவளி மறுநாள் எந்த வீட்டு மேஜையிலும் நாலைந்து வகை மிக்சர் ஒன்றோடொன்று கலந்து ஊர் பேர் தெரியாமல் கிடக்கும். அவர் மிக்சரை மட்டும் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். முந்திரி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பாருக்கு அரிந்த பரங்கிக்காயின் விதை வறுத்துப் போட்டிருக்கும். பேக்கரியில் பன்னுக்குள் சிவப்பும் பச்சையுமாக வரும் டூட்டி ஃப்ரூட்டி, பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் சாயமேற்றியது என்று அவர் என்றைக்குக் கண்டுபிடித்தாரோ, அன்றோடு அடுக்குமாடியின் பின்புறத்து மரத்தில் காய் பழுப்பது நின்றுபோயிற்று. முருங்கைக்கீரை ரிப்பன் பக்கோடா அவருடைய இன்னொரு சாதனை. கீரை, பக்கத்து காலி மனையிலிருந்து. ‘முழுக்க இயற்கை’ என்று சொல்வார். இயற்கையாகவே இலவசம் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

நெய்தான் அவருடைய தீராத பகை. நெய்க்குப் பதில் வேறொன்று என்ற யோசனை அவருக்கு முன்பே உண்டு. டால்டா சந்தைக்கு வந்தது 1937-ல். அவர் அதைத் தாண்டி யோசித்தார். மைசூர்பாகைக் கடலை எண்ணெயில் கிளறி முடித்து, டப்பாவின் மூடியில் உட்புறமாக ஒரு ஸ்பூன் நெய்யைத் தடவிவிடுவார். திறந்தவுடன் வாசனை மூக்கில் ஏறும். பிறகு வாய்க்கு வருவது தனி விஷயம். மைசூர் அரண்மனையில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் காகாசுர மாதப்பா என்ற சமையற்காரர் முதன்முதலில் செய்த பலகாரம் என்று மைசூர்பாகுக்கு ஒரு வரலாறு சொல்வார்கள். அந்த மாதப்பாவுக்கு பட்ஜெட் கிடையாது. கடலை மாவையும் சர்க்கரையையும் விட நெய் முந்தி நிற்கும் ஒரு பண்டத்தை, நெய்யைக் கழித்துவிட்டுச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இவர் வீட்டுத் தாம்பாளத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. பாகு ஒரு கம்பிப் பதத்தைத் தாண்டிப் போய், துண்டு போடக் கத்தி போதாமல் சுத்தியல் வந்தது.

ஆனால் முறுக்கு விஷயத்தில் அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ரேஷன் பச்சரிசியைக் களைந்து, நிழலில் உலர்த்தி, மில்லில் பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்குகிறார். நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்தரைத்த உளுத்தம் மாவு. கண்ணளவு கிடையாது, தராசு. எண்ணெயில் ஒரு துளி மாவு போட்டு அது மேலே எழும்பி வரும் நேரம் பார்த்துத்தான் முதல் ஈடு. ‘கைப்பக்குவம்’ என்று சொல்லித் தப்பிக்கிறவர்களின் முறுக்கு ஒரு வருஷம் பூவாக இருக்கும், ஒரு வருஷம் பல்லைப் பதம் பார்க்கும். இவருடையது வருஷா வருஷம் ஒரே மாதிரி. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு வரும் பாமாயிலில் அப்படி ஒரு முறுக்கு வருகிறது என்றால், கணக்குப் படித்தவனும் சமைக்கலாம் என்றுதான் அர்த்தம்.

கணக்கு என்றதும் அந்தப் பேரேட்டைச் சொல்லாமல் போகக் கூடாது. சிவப்பு அட்டை போட்ட நீளமான நோட்டு. அரிசி, பருப்பு, எண்ணெய், மில் கூலி, கேஸ் ஒரு ஈட்டுக்கு இவ்வளவு என்று பத்தி பிரித்து எழுதி, கடைசியில் ஒரு முறுக்கின் அடக்க விலை. அவர் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை முறுக்கு அச்சுக்குத் தேய்மானம்கூடப் போட்டிருக்கிறார்; தேய்மானம் கழித்து அதன் இன்றைய மதிப்பு பூஜ்யம். சம்பளம் என்ற பத்தியும் உண்டு. மாவு பிசைவது, உட்கார்ந்து பிழிவது, ஈடு போட்டு எடுப்பது, பிறகு பாத்திரம் துலக்குவது எல்லாம் அந்த அம்மாதான். பத்தி காலியாக இருக்கிறது.

வீட்டுக்கு வீடு அவரே நேரில் வந்து கொடுப்பார். மூடியில் மையால் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும்: பண்டத்தின் பெயர், செய்த தேதி, நிகர எடை, ‘டப்பா திருப்பித் தரவும்’. அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் நீங்கள் இந்தக் கட்டடத்துக்குப் புதிது. இரண்டு நாள் கழித்து போன் வரும்.

“எப்படி இருந்தது?”

“பிரமாதம் சார்.”

“பிரமாதம்னா எது? உப்பா, உரப்பா? ஓமம் தெரிஞ்சுதா?”

இந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் சாப்பிட்டுவிடுகிறார்கள். சாப்பிட்டவர்களுக்கு உதவியாக லேகியமும் அவரே கொடுக்கிறார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம் எல்லாம் முறைப்படி போட்டுக் கிளறிய நல்ல லேகியம். அதற்கு மட்டும் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அவருடைய மைசூர்பாகு கிடைத்தவர்கள் முன்வரிசையில்.

டப்பா திரும்பி வருவதில்தான் அவருடைய முழுத் திறமையும் அடங்கியிருக்கிறது. நம் ஊரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். மார்செல் மாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925-ல் கொடையைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வு எழுதினார். கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பிச் செய்தாக வேண்டும் என்பது உலகமெங்கும் கொடையின் மூன்று கடமைகள் என்று அதில் விளக்கியிருக்கிறார். புத்தகங்களிலேயே பாலினீசியா வரை உதாரணம் தேடிய அந்த மனிதர் குரோம்பேட்டையில் ஒரு தீபாவளிக்குத் தங்கியிருந்தால் வேலை சுருக்கமாக முடிந்திருக்கும். இரண்டாம் மாடியில் இவருடைய டப்பாவை டிசம்பர் வரை வைத்திருந்து, அச்சு முறுக்கும் கல்கலும் பிளம் கேக்கும் நிரப்பி அனுப்புவார்கள். கீழ்வீட்டுக்குப் போன தூக்குவாளி ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சியோடு மேலே ஏறி வரும். இரண்டும் பேரேட்டில் வரவு. மதச்சார்பின்மையில் அவரளவு உறுதியான ஆளை இந்தக் கட்டடத்தில் காட்ட முடியாது.

அவருக்குத் தெரியாத ஒரு கணக்கும் இருக்கிறது. தெரியாத மாதிரி இருக்கிறார் என்றும் சொல்லலாம். அவர் மூடியில் சீட்டு ஒட்டுவதற்குப் பசை தேடிப் போகும் நேரத்தில், ஒவ்வொரு டப்பாவுக்கு அடியிலும் வாழையிலையில் சுற்றிய இரண்டு அதிரசம் போய் உட்கார்ந்துவிடும். அந்த அம்மா செய்தது. வெல்லப் பாகில் பிசைந்த மாவை அவர் பார்வை படாமல் நாலு நாள் புளிக்கவைத்து, சுத்தமான நெய்யில் பொரித்தது. விஷயம் தெரிந்த வீடுகளில் டப்பா வந்ததும் முதலில் அடியில் கைவிட்டுப் பார்க்கிறார்கள். “இந்த வருஷம் ரொம்ப நல்லா இருந்தது சார்” என்று மனசாரச் சொல்வது அதைத்தான். அவர் அதைப் பரங்கி விதைக்குச் சேர்த்துக்கொள்கிறார். பேரேட்டில் அரைக் கிலோ நெய் ஒவ்வொரு ஐப்பசியிலும் உதைக்கிறது. ஊரார் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் மேலதிகாரிக்குக் குறிப்பு அனுப்பியவர், அந்த இடத்தில் பென்சிலால் ‘சேதாரம்’ என்று எழுதிப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். அந்தப் பென்சில் எழுத்துக்காகவே அவருடைய மைசூர்பாகை மன்னிக்கலாம் என்று நினைக்கிறேன்.

போன தீபாவளிக்கு முன்னால், கல்லூரியில் படிக்கும் மூன்றாம் மாடிப் பெண் டப்பாவை வாங்கிக்கொண்டு ஒரு யோசனை சொன்னாள். “அங்கிள், இதையெல்லாம் இன்ஸ்டாகிராம்ல போட்டு விக்கலாமே. ‘ஹோம் மேட்’னு சொன்னா இப்ப எவ்வளவு வேணா குடுப்பாங்க.”

அவர் முகம் வெளிறிவிட்டது.

“விக்கிறதா? வித்தா உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு பண்ணணும்மா. பதிவு பண்ணினா ஒருத்தன் வருவான். என்ன எண்ணெய்ம்பான், எப்ப வாங்கினதும்பான், பில்லை எடுங்கம்பான். நோட்டைப் புரட்டுவான். அவன் எப்படிப் புரட்டுவான்னு எனக்குத் தெரியாதா? நானே அப்படிப் புரட்டினவன்தானே! சும்மா குடுத்தா எவன் வந்து கேக்கப் போறான்?”

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தாள். “ஒரு நிமிஷம்” என்று டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எடை சரிபார்க்க விட்டுப்போயிற்றாம். வெளியே வந்தபோது அதில் ஒரு முறுக்கு குறைந்திருந்தது.