ஏற மட்டும் தெரிந்த பெட்டி

கேள்வி: காரை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் என் 12 வோல்ட் கேமரா அணைந்துவிடுகிறது. பூஸ்ட் கன்வெர்ட்டர் போட்டால் சரியாகுமா?

பதில்: பாதி சரியாகும்! ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் இழுப்பில் பேட்டரி 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம். பூஸ்ட் கன்வெர்ட்டர், காயிலில் ஆற்றலைத் தேக்கித் தேக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை சுவிட்ச் போட்டு, அந்த வோல்டேஜை 12-க்கு ஏற்றிவிடும். அருமையான வேலை. ஆனால் இது மரம் ஏறத் தெரிந்து, இறங்கத் தெரியாத பிள்ளை. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் 14 வோல்ட், கன்வெர்ட்டரின் காயில், டையோடு வழியே அப்படியே கேமராவுக்குப் போகும். அதனால் ஏற்றவும் இறக்கவும் தெரிந்த பக்-பூஸ்ட் வகையையே வாங்குங்கள். ஏற்றிய வோல்ட் இலவசமல்ல: 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வேண்டுமென்றால், 8 வோல்ட்டிலிருந்து 3 ஆம்பியருக்கும் மேலே இழுக்கும். பேட்டரிப் பக்கம் தடித்த ஒயரும் ஃபியூஸும் கட்டாயம் போடுங்கள்.