மருதத்தார் குறிஞ்சி செல்லும் முறைமை

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் வாழ்வோர் மருதத்திணை மாந்தர். ஏரி, வாய்க்கால், நெல் மூன்றுக்கும் குறைவில்லை. மலை மட்டும் இல்லை. கோரிமேட்டை மலைக்கணக்கில் சேர்ப்பார் உளர்; அது மேடுதான் என்பதை அதன் பெயரே ஒப்புக்கொள்கிறது. ஆகவே மலைமேல் ஒரு தேசியப் பூங்கா காண்பதாயின் இரவிகுளமே தகும் என எங்கள் ஏலச்சீட்டுக் குழு நான்கு ஆண்டுக்கு முன் தீர்மானித்தது. அத்தீர்மானத்தைத் தொல்காப்பிய நெறியில் ஆராய்வோம்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம், மூணாறுக்கு அருகே 97 சதுர கிலோமீட்டர். 1978 முதல் தேசியப் பூங்கா. அதனுள் ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். குழுவினர் இதுவரை ஏறிய பேருயரம் பாகூர் ஏரிக்கரை.

பொழுதில்தான் சிக்கல். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரிய என்றார் தொல்காப்பியர். அதாவது ஐப்பசி முதல் தை வரை. அவருக்குச் சம்பா நிலம் இருந்ததில்லை என்பது இதனால் பெறப்படும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே புயல் எச்சரிக்கை; வயலில் தண்ணீர் வடிக்க ஆள் வேண்டும். மார்கழியில் கதிருக்குக் காவல், தையில் அறுவடை. நெல் போட்டுக் கையில் காசு புரளும் மாசியிலோ வரையாடு குட்டி போடுகிறது. அதன் பேறுகாலத்துக்காகப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் தலைப்பிரசவத்துக்கும் இவ்வளவு கெடுபிடி கிடையாது. பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. சித்திரையில் சொர்ணவாரி. வைகாசியில் வில்லியனூர்த் தேர். அன்று பிரெஞ்சு கவர்னர்கள் பிடித்த வடத்தை இன்று துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கையில் உள்ளூர்க்காரன் மூணாறில் நின்றால் நன்றாயிராது. ஆனி முதல் ஆவணி வரை அங்கே தென்மேற்குப் பருவமழை. மலை இருக்கும், தெரியாது. புரட்டாசியில் சம்பா நடவு. மாதங்கள் பன்னிரண்டே.

சிறுபொழுதில் சிக்கல் இல்லை. மருதத்துக்கு வைகறை என்பது நூல். விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி எடுத்தாக வேண்டும் என்கிறார் வேன் ஓட்டுநரும்.

கருப்பொருளுள் விலங்கு, வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கை, புதுச்சேரியார் கேரளத்தில் போய்க் காண்பது திணைமயக்கம். உணவு, புளிச்சோறு. உடை, மங்கி குல்லா. புதுச்சேரிப் பாட்டிலையும் கருப்பொருளில் அடக்க வேண்டும் என்று மச்சான்மார் வாதிட்டனர். எல்லைச் சோதனைச் சாவடியில் அது தொண்டிப்பொருளாகத் திரியும் என்று சொல்லி விலக்கப்பட்டது.

உரிப்பொருள் குறிஞ்சிக்குப் புணர்தல், மருதத்துக்கு ஊடல். வேனின் முன்சீட்டு யாருக்கு என்ற வினா எழுந்த அன்றே இது செவ்வனே அமைந்தது. பெரியப்பாவும் சின்ன மாமாவும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. மூன்று பொருளுள் உரிப்பொருளே சிறந்தது என்பதால், இலக்கணப்படி பயணம் ஏறத்தாழ முடிந்தது.

ஆயினும் சீட்டுப் பணம் கையிருப்பில் உள்ளது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் பூத்தபோது கேரளத்தில் பெருவெள்ளம். அடுத்தது 2030. அந்த ஆண்டையே குழு ஒருமனதாக ஏற்றது. பூப்பது ஆடி, ஆவணியில் என்பதை எவரும் எழுப்பவில்லை. வேனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.