நாற்காலிக் கோட்பாடு: கல்லூரி ஆசிரியர் பயிலரங்குகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்லூரி ஆசிரியர்களுக்கு நடத்தப்படும் பயிலரங்குகள் எதைக் கற்பிக்கின்றன என்பது நெடுங்காலமாகத் தீராத வழக்கு. நடத்துகிறவர் கற்பித்தல் திறன் என்பார். கலந்துகொள்கிறவர் சான்றிதழ் என்பார். முதல்வர், கல்லூரியைத் தரமதிப்பிடும் நாக் குழு வரும்போது எடுத்துக்காட்ட ஒரு கோப்பு என்பார். மூவரும் வழக்கில் தோற்கிறார்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு. மாணவனின் குணம் என்று நாம் நம்பிவந்தவை எல்லாம் மாணவனிடம் இல்லை, அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் இருக்கின்றன என்பதைத்தான் பயிலரங்கு கற்பிக்கிறது. அதில் யாரை உட்காரவைத்தாலும் அரை மணி நேரத்தில் மாணவராகிவிடுவார். வயதோ, முனைவர் பட்டமோ, ஸ்கோபஸ் கட்டுரைகளின் எண்ணிக்கையோ அதைத் தடுத்ததில்லை. வசதி கருதி இதை ‘நாற்காலிக் கோட்பாடு’ என்று வழங்குவோம்.

ஆய்வுக்களத்தின் வரலாற்றை முதலில் சொல்வது மரபு. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1987 முதல் பல்கலைக்கழக மானியக் குழு ‘அகடமிக் ஸ்டாஃப் காலேஜ்’ என்ற பெயரில் பயிற்சி மையங்களைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன், பாரதியார் பல்கலைக்கழகங்களுக்கு அவை கிடைத்தன. 2015இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்களாயின. 2023இல் மாளவியா பெயரைச் சூடின. பெயர் இரு முறை மாறியும் நாற்காலி மாறவில்லை. 2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளின்படி உதவிப் பேராசிரியர் முதல் படி உயர 21 நாள் அறிமுகப் பயிற்சி ஒன்று வேண்டும்; அதற்கு மேல் புத்தொளிப் பயிற்சியோ, எஃப்.டி.பி. எனப்படும் குறைந்தது 5 நாள் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியோ, அவற்றுக்கு ஈடான வேறொன்றோ வேண்டும். நாக் அமைப்பின் ஏழு அளவுகோல்களில் ஆறாவது, எத்தனை ஆசிரியர்கள் இவ்வாறு மேம்பட்டார்கள் என்று எண்ணிக் கேட்கிறது. ஆக, மாணவனுக்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு எப்படியோ, ஆசிரியருக்குச் சான்றிதழ் அப்படி. ஆய்வுக்கு வேண்டிய சமநிலை இயல்பாகவே அமைந்துவிட்டது.

இனிச் சான்றுகள். முதலாவது, இடத்தேர்வு. மைக் சோதனை முடியுமுன்பே அரங்கின் கடைசி இரண்டு வரிசைகள் நிரம்பிவிடும். சுவரோரம் பிளக்பாயின்ட் உள்ள இருக்கைகளுக்குக் கடும் போட்டி. முன்வரிசை வெறிச்சோடிக் கிடக்கும். “சார், மேடம், கொஞ்சம் முன்னாடி வாங்க, போட்டோல ஹால் காலியாத் தெரியுது” என்று ஒருங்கிணைப்பாளர் கெஞ்சுவார். அந்தப் படம் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஜியோடேக் செய்யப்பட்டு அறிக்கையில் ஏற வேண்டியது. அரங்கு பூமிப்பந்தில் எங்கே இருந்தது என்பதை அது ஐயமற நிறுவும். அரங்கில் இருந்தவர்களின் மனம் எங்கே இருந்தது என்பதை நிறுவும் கருவிதான் இன்னும் வரவில்லை. இரண்டாவது, கையொப்பம். வருகைத்தாள் சுற்றிவரும்போது “மத்தியானத்துக்கும் இப்பவே போட்டுடலாமா?” என்று கேட்பவர், தம் வகுப்பில் ப்ராக்சி கொடுத்தவனை முந்தின வாரம்தான் வெளியே அனுப்பியிருப்பார். மூன்றாவது, மேசையடி வேலை. மாணவன் மேசைக்கடியில் கைப்பேசி பார்க்கிறான். ஆசிரியர் மேசைக்கடியில் இன்டர்னல் விடைத்தாள் திருத்துகிறார். நான்காவது, குழுச் செயல்பாடு. ஒரு சார்ட் பேப்பர், நான்கு ஸ்கெட்ச் பேனா, ஆறு பேர். ஒருவர் எழுதுவார், ஒருவர் எழுத்துப்பிழை சொல்வார், மற்றவர்கள் அகவிலைப்படி பேசுவார்கள். இறுதியாண்டு புராஜெக்ட் நடக்கும் விதமும் இதுவே. ஐந்தாவது, கேள்வி நேரத்து மௌனம். தேநீருக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஒருவர் கையைத் தூக்கினால், அரங்கம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வை எந்த முதலாண்டு வகுப்பிலும் கிடைக்கும்.

வகைப்பாடு இல்லாத ஆய்வு ஆய்வாகாது. பயிலரங்குகளில் இதற்குக் கற்றல் நோக்கங்களைப் பிரிக்கும் புளூமின் 1956ஆம் ஆண்டு ஆறடுக்கைத் திரையில் காட்டுவார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று பிரித்துவைத்திருக்கிறார். அவர் ஆசிரியர்களைப் பற்றித் தனியாகச் சொன்னது வேறு. ஆனால் நாற்காலிக் கோட்பாட்டின்படி, உட்கார்ந்த ஆசிரியருக்கு மாணாக்கர் பட்டியலே பொருந்தும். திரையில் வரும் ஒவ்வொரு ஸ்லைடையும் கைப்பேசியில் படமெடுத்து, பிறகு ஒருநாளும் திறந்து பாராதவர் கிளி. ஒரு செடியில் ஓர் இலை என்று மேய்வதுபோல் தொடக்க விழாவில் ஒரு முகம், மதியத்தில் ஒரு முகம் காட்டிவிட்டு நகர்பவர் ஆடு. “கேள்வியில்ல சார், ஒரு சின்ன அப்சர்வேஷன்” என்று எழுந்து, தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை முதலிலிருந்து சொல்லிக் குளத்தைக் கலக்குபவர் எருமை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைக்கும் நெய்யரி, பேச்சாளரின் ஆங்கில உச்சரிப்புப் பிழையையும் சாம்பாரில் உப்புக் குறைந்ததையும் மட்டும் ஊருக்குக் கொண்டுபோகிறவர். ஓட்டைக்குடத்துக்கு விளக்கம் வேண்டாம். அன்னமும் உண்டு: நாள் முழுதும் ஓடிய தண்ணீரில் ஒரு சொட்டுப் பாலைப் பிரித்தெடுத்துக் குறித்துக்கொள்பவர். வகுப்பறையைப் போலவே இங்கும் அவர் அரிது. வகுப்பறையைப் போலவே அவரை யாரும் கவனிப்பதில்லை.

மறுப்புகளுக்கு வருவோம். ஆசிரியர்கள் கட்டாயத்தால் வருகிறார்கள், ஆகவே அவர்களை மாணவரோடு ஒப்பிடலாகாது என்பது முதல் மறுப்பு. மாணவர் எதனால் வருகிறார்கள் என்று மறுப்பாளர் கருதுகிறார் எனத் தெரியவில்லை. வருகை குறைந்தால் கண்டொனேஷன் கட்டணம் கட்டுவது யார்? பேச்சாளர் ஸ்லைடை அப்படியே படித்தால் கேட்பவர் வேறென்ன செய்வார் என்பது இரண்டாவது. இது வலுவான வாதம். ஆனால் இது கோட்பாட்டுக்கு எதிரானதன்று, கோட்பாடேதான். இதே வாதத்தைக் கடைசி பெஞ்ச் ஆண்டாண்டு காலமாகச் சொல்லிவருகிறது. கேட்கும் நிலையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது மறுப்பு நுட்பமானது: 2020 ஊரடங்கில் பயிலரங்குகள் இணையத்துக்கு மாறியபோது அரங்கும் இல்லை, அதன் நாற்காலியும் இல்லை, அப்போதும் இதே நடத்தைதானே காணப்பட்டது? உண்மை. கேமராவை அணைத்து, மைக்கை அடைத்து, பெயரை மட்டும் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு ஆசிரியர் காய் நறுக்கப் போனார். முடிவில் வினாடி வினாவுக்கு வாட்ஸ்அப் குழுவில் விடை வந்தது. மின்னஞ்சலில் சான்றிதழ் வந்தது. அதே வீட்டின் அடுத்த அறையில் மகன் தன் ஆன்லைன் வகுப்பில் செய்ததும் இதையே. எனவே கோட்பாட்டை இவ்வாறு திருத்திக்கொள்கிறோம்: நாற்காலி என்பது மரச்சாமான் அன்று, ஒருவர் பேசப் பலர் வாய்மூடியிருக்கும் ஏற்பாட்டின் பெயர்.

அப்படியானால் அங்கே யாருமே கற்பதில்லையா? கற்கிறார்கள், ஒருவர். விரிவுரை கேட்டால் 5 விழுக்காடுதான் மனத்தில் தங்கும், பிறருக்குக் கற்பித்தால் 90 விழுக்காடு தங்கும் என்றொரு கூம்புப் படம் பயிலரங்குகளில் அடிக்கடி வரும். அதை விளக்க ஒரு மணி நேரம் விரிவுரை நடக்கும். அந்தக் கூம்புக்கு மூலவரான எட்கர் டேல் 1946இல் வெளியிட்ட படத்தில் இந்த விழுக்காடுகளே கிடையாது. யாரோ பிற்காலத்தில் செருகியவை. இடைச்செருகலைக் கண்டுபிடிப்பதில் பேர்போன தமிழ்த்துறையினரும் அந்த ஸ்லைடுக்குத் தலையாட்டுவது, நாற்காலியின் வலிமைக்கு இன்னொரு சான்று. நன்னூல் இந்தக் கணக்கைச் சிக்கனமாக முடிக்கிறது: ஆசிரியர் சொன்னதைச் செம்மையாகக் கேட்டால் கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகினால் கால் பங்கு, பிறருக்கு எடுத்துரைத்தால் எஞ்சிய அரைப் பங்கு. இதன்படி, ஓய்வூதியக் கவலை பேசும் தேநீர் இடைவேளைக்குக் கால் பங்கு போய்விடுகிறது. அரைப் பங்கு முழுவதும் மேடையில் நிற்கும் ரிசோர்ஸ் பெர்சனுக்கு. அதாவது, அரங்கிலேயே பயிற்சி தேவைப்படாத ஒரே ஆளுக்கு அதிகப் பயிற்சி கிடைக்கிறது. பொன்னாடையும் நினைவுப்பரிசும் அவருக்கே. கருத்துப் படிவத்தில் இது வெளிப்படாது. பயிற்சியின் பயனை அளக்க 1959இல் கிர்க்பாட்ரிக் நான்கு படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றாரா, நடத்தை மாறியதா, விளைவு வந்ததா. படிவம் முதற்படியிலேயே நின்றுவிடும். அதை நிரப்பிக் கொடுத்தால்தான் சான்றிதழ் என்பதால், எல்லா வினாவுக்கும் ‘எக்ஸலன்ட்’ என்று ஒரே கோடு இழுக்கப்படும். பருவ முடிவில் மாணவர் நம்மைப் பற்றி நிரப்பும் படிவத்தை எவ்வளவு நம்பலாம் என்பதும் இதனால் விளங்குகிறது.

ஆகவே பயிலரங்கு வீண் என்று யாரும் முடிவுகட்டலாகாது. நாற்காலியின் கதையை நாற்காலியில் உட்கார்ந்தே அறியச் செய்யும் வேறு ஏற்பாடு உயர்கல்வியில் இல்லை. சிக்கல் ஒன்றுதான். எழுந்து நின்றதும் அந்த அறிவு இறங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை கடைசி வரிசையில் கொட்டாவி விட்டவர், திங்கட்கிழமை முதல் மணியில் சாக்பீஸைக் கையில் எடுத்தவுடன் கடைசி வரிசையைப் பார்த்து, “அங்க என்ன தூக்கம்?” என்கிறார். நாற்காலியில் கற்றது நாற்காலியிலேயே தங்கிவிடுகிறது. இங்கேதான் மானியக் குழுவின் தொலைநோக்கை வியக்க வேண்டியிருக்கிறது. ஒரு முறை பயின்றால் போதாது, படிக்குப் படி மறுபடியும் வந்து உட்கார வேண்டும் என்று விதித்து, அதற்குப் புத்தொளிப் பயிற்சி என்றும் பெயர் வைத்தவர்கள் காரணம் அறியாமல் செய்திருக்க மாட்டார்கள். நிற்கும்போதெல்லாம் அணைந்துவிடும் விளக்கு அது. உட்காரவைத்துத்தான் மறுபடி ஏற்ற வேண்டும்.