மாத்திரை மீது ஒரு மனு

சர்க்கரை இல்லாமலே நாவுக்கு இனிப்புச் சுவை தரும் வேதிப்பொருள்களைச் செயற்கை இனிப்பூட்டிகள் என்று பொதுப்பெயரால் வழங்குவர். அவை உடலுக்கு ஒத்துக்கொள்கின்றனவா என்ற கேள்வி ஆய்வுக்கூடத்தில் ஒரு விதமாகவும் வீட்டுக் கூடத்து ஊஞ்சலில் வேறு விதமாகவும் விசாரிக்கப்படுகிறது. இரண்டாம் வகை விசாரணையின் நடைமுறையை விளக்குவதற்காக ஓர் உரையாடல் இங்கே புனைந்து தரப்படுகிறது. இதில் பேசுவோர் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற வட்டாட்சியர். கோப்புகளோடு வாழ்ந்து பழகியதன் விளைவாகத் தம்மைப் பற்றிச் சொல்லும்போதும் 'மனுதாரர்' என்று படர்க்கையில் சொல்பவர். மற்றவர் அவருடைய மனைவியின் தங்கை. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவராதலால், எதிரே இருப்பவர் எவராயினும் அவரைக் கடைசி வரிசை மாணவராகவே பாவித்துப் பேசுபவர்.

வட்டாட்சியர்: சர்க்கரை நோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த நாள் முதல் மனுதாரர் காப்பியில் சர்க்கரையை நீக்கிவிட்டு வெள்ளை மாத்திரையைப் போட்டுக் குடித்து வருகிறார் என்பதும், அன்று முதலே அவருக்குத் தலைவலி, வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு, பிற்பகல் சோர்வு ஆகியவை ஏற்பட்டுள்ளன என்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியவருவதால், மேற்படி மாத்திரையே குற்றவாளி என்று தீர்மானிக்கப்படுகிறது. இதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது, டீச்சரம்மா?

ஆசிரியை: மாத்திரையின் பெயர் என்ன, அத்தான்?

வட்டாட்சியர்: வெள்ளை மாத்திரை என்றுதான் சொல்லப்பட்டதே.

ஆசிரியை: சர்வே எண் குறிப்பிடாத பட்டா மனுவை அத்தான் அலுவலகத்தில் என்றைக்காவது வாங்கியதுண்டா? உணவில் சேர்க்கும் பொருள்களுக்கும் பன்னாட்டு அளவில் எண் கொடுத்திருக்கிறார்கள். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். 950 என்றால் அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 என்றால் அஸ்பார்டேம், 954 என்றால் சாக்கரின், 955 என்றால் சுக்ரலோஸ். இவை நான்கும் இனிக்கும் என்பதைத் தவிர இவற்றுக்குள் உறவு கிடையாது. அஸ்பார்டேம் என்பது புரதத்தில் காணப்படும் இரண்டு அமினோ அமிலங்களை இணைத்துச் செய்தது. சுக்ரலோஸ் என்பது சர்க்கரை மூலக்கூற்றில் மூன்று இடங்களில் குளோரினைப் புகுத்திச் செய்தது. சாக்கரினோ 1879-இல் நிலக்கரித் தாரின் வழிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அகப்பட்டது. ஒன்று செய்த குற்றத்துக்கு நான்கையும் சேர்த்துப் பிடித்து அடைப்பது விசாரணை ஆகாது.

டப்பா கொண்டுவரப்பட்டது, மூக்குக்கண்ணாடி மாற்றப்பட்டது, எண் 951 என்று வாசிக்கப்பட்டது. வட்டாட்சியரின் முகம் மலர்ந்ததற்குக் காரணம், உறவினர் ஒருவர் அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியில் அந்தப் பெயர் இருந்ததே.

வட்டாட்சியர்: இதோ ஆவணச் சான்று! இந்த அஸ்பார்டேம் வயிற்றுக்குள் போய் மெத்தனாலாக மாறுகிறதாம். கள்ளச்சாராயத்தில் ஆட்களைக் கொல்லும் அதே மெத்தனால்.

ஆசிரியை: மாறுவது உண்மை, எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மாறும். மாத்திரையில் 20 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருந்தால் 2 மில்லிகிராம் மெத்தனால் வரும். ஒரு தம்ளர் தக்காளிச் சாற்றில் இதைவிடப் பல மடங்கு மெத்தனால் இயல்பாகவே உண்டு; அதற்காக ரசத்தின் மீது எவரும் மனுக் கொடுப்பதில்லை.

வட்டாட்சியர்: உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் என்று அறிவித்துவிட்டதே?

ஆசிரியை: 2023 ஜூலையில் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை 2பி என்ற பிரிவில் வைத்தது. 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு' என்பதே அந்தப் பிரிவின் பொருள். அதே நாளில் உணவுச் சேர்பொருள் வல்லுநர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்டவேண்டுமானால் நாளுக்கு 9 முதல் 14 கேன் வரை டயட் குளிர்பானம் குடிக்கவேண்டும். பொருளுக்குத் தீங்கு செய்யும் இயல்பு உண்டா என்பது முதல் குழுவின் கேள்வி. உட்கொள்ளும் அளவில் அந்தத் தீங்கு நேருமா என்பது இரண்டாம் குழுவின் கேள்வி. செய்தித்தாள்கள் முதலாவதைத் தலைப்பில் போட்டன. அதிருக்கட்டும், இன்று காலை வந்த தலைவலிக்கும் புற்றுநோய் வகைப்பாட்டுக்கும் என்ன தொடர்பு?

இக்கேள்விக்கு வட்டாட்சியர் விடை கூறவில்லை. குற்றம் சாட்டுவோர் பலரும், சாட்டப்பட்டவரின் கெட்ட பெயரையே நடந்த சம்பவத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது வழக்கம். அவ்வழக்கத்தை வருவாய்த் துறைக்கு மட்டும் உரியதாகக் கொள்ளலாகாது.

ஆசிரியை: சர்க்கரையை விட்ட பிறகு வேறு எவையெல்லாம் மாறின என்பதைச் சொல்ல முடியுமா?

வட்டாட்சியர்: ஒன்றும் மாறவில்லை. நாளுக்கு ஐந்து காப்பி என்றிருந்தது இரண்டாகக் குறைக்கப்பட்டது. மருத்துவர் மெட்ஃபார்மின் என்றொரு மாத்திரை எழுதினார். மாலையில் முறுக்குக்குப் பதிலாக, கடைவீதியில் வாங்கும் 'சுகர் ஃப்ரீ' மைசூர்பாகு நான்கு துண்டு. சர்க்கரை இல்லாததால் அதற்குக் கணக்கு வைப்பதில்லை. மற்றபடி எல்லாம் பழையபடியே.

ஆசிரியை: ஐந்து காப்பியை இரண்டாகக் குறைத்தவருக்குத் தலை வலிக்காமலிருந்தால்தான் வியப்பு. காப்பியில் உள்ள கஃபீனுக்குப் பழகிய உடல், அது குறைந்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியாலும் சோர்வாலும் முறையிடத் தொடங்கும். அம்முறையீடு ஒரு வாரத்துக்கு மேலும் நீளலாம். மெட்ஃபார்மினோ தொடக்க வாரங்களில் வயிற்றைக் கலக்குவதில் பெயர்பெற்றது. ஆனாலும் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக்கூடாது. இனி அந்த மைசூர்பாகுக்கு வரலாம்.

வட்டாட்சியர்: அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

ஆசிரியை: சம்பந்தமே அதில்தான் இருக்கிறது. அஸ்பார்டேம் சர்க்கரையைப் போல 200 மடங்கு இனிப்பதால் கடுகளவு போதும். ஆனால் கடுகளவுப் பொருளை வைத்து மைசூர்பாகைத் துண்டு போட முடியாது. சர்க்கரை தரும் பருமனையும் பாகுப் பதத்தையும் தர வேறொன்று வேண்டும் என்பதற்காக இத்தகைய இனிப்புகளில் சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற பாலியால்களைக் கிராம் கணக்கில் சேர்ப்பார்கள். பாலியால் என்பது சர்க்கரையிலிருந்து செய்யப்படும் ஒரு வகை ஆல்கஹால்; போதை தராது. சிறுகுடல் இதை முழுமையாக உறிஞ்சுவதில்லை. மிஞ்சியது குடலுக்குள் நீரை இழுத்து வைத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. 10 கிராம் சார்பிட்டாலுக்கே பலருக்கு வயிறு உப்பும். அளவு கூடினால் பேதியாகும். பாலியால் மிகுதியாகச் சேர்ந்த பொட்டல உணவில் 'பேதியை உண்டாக்கலாம்' என்று அச்சிடவேண்டும் என்பது இந்திய உணவு விதி. கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் மடித்துத் தரும் மைசூர்பாகில் அந்த எச்சரிக்கையை எங்கே போய்த் தேடுவது?

வட்டாட்சியர்: அப்படியானால் செயற்கைப் பொருள் கெடுதல் என்பது உறுதியாகிறதல்லவா?

ஆசிரியை: சார்பிட்டால் பேரிக்காயிலும் உலர்ந்த பிளம் பழத்திலும் இயற்கையாகவே இருக்கிறது. பழத்தில் இருந்தால் மலச்சிக்கலுக்கு மருந்து என்று பெயர், இனிப்பில் இருந்தால் செயற்கை என்று பெயர். குடலுக்கு இந்த வேற்றுமை தெரியாது.

வட்டாட்சியர் சற்று நேரம் ஊஞ்சலை நிறுத்தினார். வயிற்றுக் குற்றச்சாட்டில் மாத்திரை ஏறக்குறைய விடுதலையாகிவிட்டதும், அந்த இடத்தில் தமக்கு மிகவும் வேண்டியவர் ஒருவர் நிறுத்தப்படுவதும் அவருக்குப் புரிந்துவிட்டன. ஆகவே தலைவலியை அவர் இறுகப் பற்றிக்கொண்டார்.

வட்டாட்சியர்: மாத்திரை போட்ட காப்பியைக் குடித்த அரை மணியில் தலை வலிக்கிறது. இது அனுபவம். அனுபவத்தைப் பொய் என்று சொல்ல எந்தப் புத்தகத்துக்கும் அதிகாரம் இல்லை.

ஆசிரியை: வலி பொய்யல்ல, அதற்கு ஒட்டப்பட்ட காரணம்தான் விசாரணைக்கு உரியது. 1987-இல் அமெரிக்காவில், அஸ்பார்டேமால் தலை வலிக்கிறது என்று உறுதியாகச் சொன்ன 40 பேருக்கு ஒரு நாள் அஸ்பார்டேமும் வேறொரு நாள் வெற்றுப் பொருளும் கொடுத்தார்கள். எது எந்த நாள் என்று சொல்லவில்லை. அஸ்பார்டேம் நாளில் 35 விழுக்காட்டினருக்கும் வெற்றுப் பொருள் நாளில் 45 விழுக்காட்டினருக்கும் தலை வலித்தது. 2015-இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்து ஆய்வாளர்கள், தங்களுக்கு அஸ்பார்டேம் ஆகாது என்று சொல்லும் 48 பேரையும் அப்படிச் சொல்லாத 48 பேரையும் அழைத்து, அஸ்பார்டேம் உள்ளதும் இல்லாததுமான தின்பண்டங்களைத் தந்து பார்த்தார்கள். ஆகாது என்றவர்களுக்கு உபாதைகள் வரத்தான் செய்தன. ஆனால் எதைத் தின்றாலும் வந்தன. தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே தீங்காக உணரப்படுவதை மருத்துவத்தில் நோசீபோ என்பார்கள்.

வட்டாட்சியர்: அப்படியென்றால் எல்லாம் மனப்பிரமை என்று தீர்ப்பு எழுதிவிடலாமே!

ஆசிரியை: அவசரப்பட்டு அப்படி எழுதினால் அதுவும் வாட்ஸ்அப் தீர்ப்புதான். 1994-இல் வெளியான வேறொரு சோதனையில் சிலருக்கு அஸ்பார்டேம் நாள்களில் தலைவலி சற்று மிகுதியாக இருந்தது. ஆகவே ஊரார் தலைகளின் சராசரியைக் கொண்டு அத்தான் தலையைத் தீர்மானிக்க முடியாது. அதைத் தனியாகத்தான் சோதிக்கவேண்டும். முதலில் இரண்டு வாரம், உண்டது, குடித்தது, தூங்கியது, வலித்தது எல்லாவற்றையும் மணி குறித்து எழுதவேண்டும்.

வட்டாட்சியர்: அது முடியாத காரியம்.

வட்டத்தின் ஒவ்வொரு வயலிலும் எந்தப் பருவத்தில் எந்தப் பயிர் நின்றது என்பதை அடங்கல் பதிவேட்டில் எழுதவில்லை என்பதற்காகக் கிராம நிர்வாக அலுவலர்களிடம் விளக்கம் கேட்டுக் கேட்டே பணி ஓய்வு பெற்றவர் இவர் என்பதை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆசிரியை: பிறகு இரண்டு வாரம் மாத்திரையை மட்டும் நிறுத்தவேண்டும், அதற்குப் பதிலாகச் சர்க்கரை போடக்கூடாது, காப்பியின் எண்ணிக்கையும் மாறக்கூடாது. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று எவராலும் சொல்ல முடியாது. அதன்பின் வருவதுதான் உண்மையான சோதனை. 1935-இல் ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் ஒரு புத்தகத்தில் இதற்கு வழி காட்டியிருக்கிறார். கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிட முடியும் என்ற ஓர் அம்மையாரிடம், நான்கு அப்படியும் நான்கு இப்படியுமாக எட்டுக் கோப்பைகளைக் கலைத்து வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வது அவர் காட்டிய வழி. எட்டிலிருந்து நான்கை 70 விதமாகப் பொறுக்கலாம். ஆகவே குருட்டு யோசனையில் எல்லாம் சரியாக அமைய 70-இல் ஒரு வாய்ப்பே உண்டு. அதுபோலவே, மாத்திரைப் பொடி அடைத்த கேப்சூல் நான்கு, அரிசி மாவு அடைத்த கேப்சூல் நான்கு. காப்பியில் போட்டால் நாக்கு கண்டுபிடித்துவிடும் என்பதால்தான் கேப்சூல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்று.

வட்டாட்சியர்: எது எந்த நாள் என்பது யாருக்குத் தெரியும்?

ஆசிரியை: அடைத்துக் கொடுக்கும் அக்காளுக்கு மட்டும்.

வட்டாட்சியர்: உமது அக்காளின் முகத்தைப் பார்த்தே மனுதாரர் கண்டுபிடித்துவிடுவார்.

ஆசிரியை: அதனால்தான் எடுத்துக் கொடுப்பவனாகப் பேரன் இருக்கவேண்டும், அவனுக்கும் தெரியாது. கொடுப்பவருக்கும் தெரியாமல், வாங்குபவருக்கும் தெரியாமல் நடப்பதை இரட்டை மறைப்பு என்பார்கள். விவரத்தை அக்காள் உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்துவிடுவாள். எட்டு நாள் குறிப்பையும் அத்தான் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே உறை பிரிக்கப்படும்.

முத்திரையிட்ட உறை என்ற சொல் கேட்டதும் வட்டாட்சியரின் எதிர்ப்பு தளர்ந்தது. உறையை யார் முன்னிலையில் திறப்பது, சாட்சிக் கையெழுத்து இடுவோர் எத்தனை பேர், நகல்கள் எத்தனை என்பன போன்ற ஐயங்களை அவர் தாமே எழுப்பித் தாமே விதிகளும் வகுத்தார்.

வட்டாட்சியர்: விசாரணைக்கு உத்தரவிடப்படுகிறது. ஆனால் 'சுகர் ஃப்ரீ' மைசூர்பாகு மீது எவரும் மனுக் கொடுக்காதபடியால், அது விசாரணை வரம்புக்கு அப்பாற்பட்டது.

ஆசிரியை: வயிற்றுப்போக்கு?

வட்டாட்சியர்: அது தனிக் கோப்பு.

ஆசிரியை: சரி. தலைவலிக்கு மாத்திரை காரணமில்லை என்று உறையில் வந்தால், குடும்பக் குழுவில் எல்லா உறவினருக்கும் அனுப்பி வைத்த எச்சரிக்கையை அத்தான் திரும்பப் பெறுவீர்களா?

வட்டாட்சியர்: அந்த எச்சரிக்கை பொதுநலன் கருதி வெளியிடப்பட்டது, டீச்சரம்மா. வெளியிட்ட சுற்றறிக்கையைத் திரும்பப் பெறும் வழக்கம் இந்த அலுவலகத்தில் இல்லை.