மூச்சை விடு மியா

எண்பதுகளில் செகந்திராபாத் பத்மாராவ் நகரில் யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினாலே போதும், "எர்ரகட்டாவில கொண்டுபோய் விட்டுட்டு வாங்கோ" என்பாள் பாட்டி. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்களுக்கு எர்ரகட்டா அரசு மனநல ஆஸ்பத்திரி அப்படி. டியூஷன் என்று சொல்லிவிட்டு அண்ணா பாக்ஸிங் பழகப் போனது தெரிந்ததும் அந்த வசனம் மூன்று வேளையும் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டது. அடி வாங்க ஒருத்தன் தானாகப் போவானோ? அப்பாவிடமே இலவசமாகக் கிடைக்குமே!

இப்போது அண்ணாவின் பிள்ளை ஹைதராபாத் மாதாப்பூரில் மாதாமாதம் பணம் கட்டி, மனசு சரியாகவேண்டும் என்று பன்ச்சிங் பேக்கைக் குத்துகிறான். 1998இல் அங்கே சைபர் டவர்ஸ் என்ற ஐ.டி. கட்டடத்தைத் திறந்தார்கள். ஊருக்கு வேலை வந்தது, ராத்திரித் தூக்கம் போனது. இவனுக்கும்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார், கவுன்சலிங் என்றார், உடம்பை அசைக்கவும் சொன்னார். இவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது பாக்ஸிங்கை.

ஒரு நாள் கூடப் போனேன். யாரும் யாரையும் அடிப்பதில்லை. நாலரை மீட்டர் துணிப்பட்டையைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டு, முட்டி, விரலிடுக்கு என்று சுற்றி முடிப்பதற்குள்ளேயே பாதிக் கோபம் ஆறிவிடும். மூன்று நிமிஷம் குத்து, ஒரு நிமிஷம் ஓய்வு. ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை வெளியே விட்டாக வேண்டும். "சாஸ் சோடோ மியா" என்று கோச் கத்திக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஒரு பெண் தன் மேனேஜர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் குத்தினாள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 600 மாணவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவு. பாட்டியும் "சும்மா உட்காருடா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

மருமான் மேனேஜரை நினைப்பதில்லையாம். குத்துகளை எண்ணவே நேரம் சரியாக இருக்கிறது என்கிறான். தூக்கம் வருகிறது. மாத்திரையும் தொடர்கிறது.

பாக்ஸிங்குக்கு இத்தனை மரியாதை வந்ததில் நிஜாமாபாத் நிகத் ஜரீனுக்கும் பங்குண்டு. முகம் வீங்கி வீட்டுக்கு வந்த மகளைப் பார்த்து, இனி யார் கட்டிக்கொள்வார்கள் என்று அம்மா அழுதாராம். அந்தப் பெண்தான் 2022இல் இஸ்தான்புல்லிலும் 2023இல் டெல்லியிலும் உலக சாம்பியன்.

எங்கள் வீட்டிலும் கல்யாணப் பேச்சு நடக்கிறது. "பையன் பாக்ஸிங் போறான், ரொம்ப டிசிப்ளின்" என்று பெண் வீட்டாரிடம் மன்னி பூரிக்கிறாள். டாக்டரிடம் போவதைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. அவர்களும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "மூக்கு கீக்கு உடைஞ்சுடாதே?"