காதுக்குத் தாளிப்பு

வாய்யா மாப்ளே, உட்காரு. அந்தப் பக்கம் இல்ல, கேக்குற காது என் பக்கம் இருக்கட்டும்.

காலையில எந்திரிச்சா இடது காது அடைச்சிருந்துச்சு, உள்ள ஒரே ரீங்காரம். நீ என்ன பண்ணின? அழுக்குன்னு முடிவு கட்டி, நல்லெண்ணெயில பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி ஊத்தின. கடுகும் கறிவேப்பிலையும்தான் பாக்கி. அதுக்குள்ள மூணு நாள் ஓடிப்போச்சு.

எங்கே, வாயை மூடிக்கிட்டு 'ம்ம்ம்'னு முனகு. சத்தம் எந்தப் பக்கம் தூக்குது? வலது பக்கமா? அழுக்கா இருந்தா அடைச்ச காதுலதான் தூக்கும். நல்ல காதுக்கு ஓடுதுன்னா உள்காதுலயோ நரம்புலயோ கோளாறுன்னு சந்தேகப்படணும். மீதியை டாக்டர் பார்க்கட்டும்.

மூணு நாளுக்குள்ள, அடுத்தடுத்த மூணு அலைவரிசையில 30 டெசிபெல் இறங்கினா திடீர்ச் செவித்திறன் இழப்பும்பாங்க. ஸ்டீராய்டை ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சிடணும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தானா சரியாச்சுங்கிறியா? ஆகும், சிலருக்கு. அவரு தொப்பையையும் உன் தொப்பையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தியா?

உள்காதுக்கு ரத்தம் போறது ஒத்தை நாளத்துல. கடைமடை வயல் மாதிரி. வாய்க்கால் தூர்ந்தா வேற மடையில இருந்து பாய்ச்ச வழி கிடையாது. அதைத் தூர்க்கக்கூடியது எதெல்லாம்? இடுப்பு 90 சென்டிமீட்டருக்கு மேல, ரத்த அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு கூடுதல், நல்ல கொழுப்பு குறைச்சல். அஞ்சுல மூணு இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம். பள்ளிக்கூடத்துல மூணு பாடம் தேறாதவன், இதுல அஞ்சுலயும் தேறியிருக்கே! இந்தக் கூட்டத்துக்குக் காது இப்படிப் போறதே அதிகம்னு தைவான்ல கண்டிருக்காங்க. போனபின்ன சிகிச்சைக்குத் தேறுறது குறைச்சல்னு கொரியாவுல கண்டிருக்காங்க.

இன்னொரு வேடிக்கை கேளு. அந்த ஸ்டீராய்டு மாத்திரையே சர்க்கரையை ஏத்திவிடும். அதனால உன்னை மாதிரி ஆளுக்குச் சில நேரம் செவிப்பறை வழியா நடுக்காதுலயே ஊசி போடுவாங்க. ஊசின்னதும் முகம் ஏன் இப்படிப் போகுது?

2016ல சிங்கப்பூர் அரசாங்கம் நீரிழிவு மேல போர் தொடுத்துச்சு. நீ எதிரிப் படைக்குத்தானே சோறு போட்டுக்கிட்டிருந்தே? 2023 கடைசியில இருந்து கடையில கலக்கித் தர்ற பானத்துக்கும் ஏ, பி, சி, டின்னு தரம் வந்துடுச்சு. டின்னா 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல சர்க்கரை. நீ அதை டீன்னு படிச்சுட்டு ரெண்டு வாங்குறே. சிங்கப்பூர்ல சீனர்களைவிட நம்ம ஆளுங்களுக்கு நீரிழிவு அதிகம்னு கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு சொல்லுது. அந்தப் பெருமையை நீ ஒருத்தனே தூக்கிப் பிடிக்கணுமா?

அந்தத் தே தாரிக்கை வச்சுட்டு எந்திரி. திரும்பி வந்ததும் சர்க்கரை போடாத தே-ஓ கொசோங் நான் வாங்கித் தர்றேன். லிட்டில் இந்தியாவுல ரயிலேறி நியூட்டன்ல மாறினா அடுத்தது நொவீனா. டான் டோக் செங் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுல ராவோட ராவா காது போனதையும் சொல்லு, சர்க்கரை இருக்கிறதையும் சொல்லு. வழக்கம்போல சர்க்கரையை மட்டும் முழுங்கிடாதே.