முன்னால் சுடாத விமானம்

பிளாஸ்டிக் விமான மாடல் பெட்டிகளில் இன்ன வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று ஒரு கீழ்வரம்பு போட்டிருப்பார்கள். மேல்வரம்பு போடுவதில்லை. அப்பாக்கள் என்றொரு இனம் இருப்பது தெரிந்துதான் இப்படிச் செய்கிறார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

எங்கள் அப்பா தணிக்கைத் துறையில் இருந்தார். மற்றவர்கள் எழுதிய கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பதற்கு அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. வீட்டில் அதையே இலவசமாகச் செய்தார். பால் கணக்கு, சலவைக் கணக்கு, என் பரீட்சைப் பேப்பரில் வாத்தியார் கூட்டிப் போட்ட மார்க் என்று எதுவும் அவருடைய சிவப்பு நீலப் பென்சிலுக்குத் தப்பியதில்லை. இப்படிப்பட்டவர் கையில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் மாடல் கிட் ஒன்று கிடைத்தால் என்ன ஆகும்?

எழுபதுகளின் சென்னை, புரசைவாக்கம். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா லீவில் வந்தால் அவர் பெட்டியைத் திறப்பது தெருவுக்கே திருவிழா. கோடாலித் தைலம், நைலான் புடவை, ஷேவிங் பிளேடு எல்லாம் வெளியே வந்த பிறகு, அடியிலிருந்து எனக்கான சாமான் வந்தது. நான் கடிதத்தில் கேட்டிருந்தது ஸ்பிட்ஃபயர். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கமாண்டோ காமிக்ஸைப் படித்து வளர்ந்த பையனுக்கு உலகத்தில் வேறு விமானம் கிடையாது. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியே ஐம்பதுகளில் முதன்முதலாகப் போட்ட விமான கிட் ஸ்பிட்ஃபயர்தான். அப்போது இங்கிலாந்தில் விலை இரண்டு ஷில்லிங். சித்தப்பா கொண்டுவந்ததோ பௌல்டன் பால் டிஃபையன்ட்.

"ஏதோ ஒரு ஏரோப்ளேன்தானேடா, எல்லாத்துக்கும் ரெக்கை ரெண்டுதான்" என்றார் சித்தப்பா.

டிஃபையன்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட சண்டை விமானம். விமானி முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார். அவருக்குப் பின்னால் சுழலும் கண்ணாடிக் கூண்டில் இன்னொருவர், நான்கு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகளோடு. ஓட்டுகிறவர் பார்க்கிற திசையில் சுட ஒரு துப்பாக்கி கூடக் கிடையாது. எதிரியைத் துரத்திப் பின்னால் போய் நின்றால், "சரி, வந்தாச்சு, இப்ப என்ன?" என்றுதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படம் போட்ட அட்டையை அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கைத் தடவினார். பிறகு மிகுந்த மனவேதனையோடு கேட்டார்: "முன்னாடி துப்பாக்கியே இல்லியே, இதுக்கு யாருடா சாங்ஷன் குடுத்தது?"

அந்தக் கேள்வி கேட்ட நிமிடத்தில் கிட் என் கையைவிட்டுப் போய்விட்டது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

சரிபார்ப்பு முதலில் நடந்தது. சட்டத்தில் கோத்திருந்த பாகங்களை விளக்கத் தாளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே நீலப் பென்சிலால் டிக். கிட்டின் அளவு 72-ல் ஒரு பங்கு என்று போட்டிருந்தது. அப்பா அதையும் நம்பவில்லை. அசல் விமானத்துக்கு ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை 39 அடி 4 அங்குலம். அதை 72-ஆல் வகுத்து, என் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்து அளந்து, ஆறரை அங்குலத்துக்குச் சற்று மேல் என்று வந்ததும், "ம், சரியாத்தான் இருக்கு" என்றார். சரியாக இருந்ததில் அவருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

பசை கிட்டோடு வரவில்லை. தனியாக வாங்க வேண்டுமாம். சித்தப்பாவுக்கு அது தெரியாது. புரசைவாக்கம் நெடுஞ்சாலையில் எந்தக் கடையில் போய்க் கேட்பது? அப்பா முதலில் மரத்துக்கும் காகிதத்துக்கும் போடுகிற வெள்ளைப் பசையைத் தடவினார். ராத்திரி முழுக்கக் காய்ந்தது. காலையில் தூக்கினால் இடப்பக்கம் ஒருவர் கையில், வலப்பக்கம் இன்னொருவர் கையில். அடுத்து சைக்கிள் கடை சொல்யூஷன். அது ஒட்டியது, ஆனால் விமானத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும்: அப்பாவின் விரலில், ஹிண்டு பேப்பரில், பாட்டியின் விசிறியில்.

விடை அத்தையின் அலமாரியில் இருந்தது. அத்தை அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஒரு சின்ன பாட்டில் வைத்திருந்தாள். அதில் அசிட்டோன். பாலிஸ்டைரீன் என்கிற இந்த பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். பாகங்கள் உடைத்தெடுத்த பின் மிஞ்சிய சட்டத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி அதில் ஊறப் போட்டால் கெட்டியாக ஒரு குழம்பு கிடைக்கும். அதைத் தடவினால் இரண்டு பக்கமும் இளகி ஒன்றோடொன்று கலந்து இறுகிவிடும். ஒட்டுவது என்று சொன்னாலும் உண்மையில் நடப்பது பற்றவைப்பு. கடையில் விற்கும் மாடல் பசைக்கும் அடிப்படை இதேதான். இந்த ரகசியத்தை அப்பாவுக்குச் சொன்னவர் ஆபீஸில் பக்கத்து நாற்காலி கெமிஸ்ட்ரி பட்டதாரி. அரசாங்கத் தணிக்கையில் அவர் படித்த படிப்பு பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் இதுவாக இருக்கலாம்.

அத்தை பத்து நாள் யாரோடும் பேசவில்லை.

இனி என் பங்கு. "பிடி" என்பார் அப்பா. பிடிப்பேன். "ஆட்டாதே." ஆட்டமாட்டேன். "மூச்சு விடாதே, பொம்மை பறக்குது." விமானி பொம்மை என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். கரண்ட் போனால் டார்ச் அடிப்பேன். ஒரு தடவை, "நான் ஒண்ணு ஒட்டட்டுமாப்பா?" என்று கேட்டதற்கு, "ஒட்டலாமே, இது முடியட்டும்" என்றார். இது முடிந்தபின் ஒட்ட என்ன இருக்கும் என்று கேட்கிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

கண்ணாடிக் கூண்டு மட்டும் அவரைத் தோற்கடித்தது. சுழல வேண்டிய பாகம், பசை படக்கூடாது, விரல் படக்கூடாது. படக்கூடாத இரண்டும் பட்டன. அப்பாவின் கட்டைவிரல் ரேகை அந்தக் கண்ணாடியில் பதிந்தது. துப்பாக்கிக்காரர் ஆயுள் முழுக்க மூடுபனியில் உட்கார்ந்திருந்தார்.

பெயின்ட் விஷயத்தில் சிக்கனம். ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய பச்சை, வாசற்கதவுக்கு அடித்து மிஞ்சிய தவிட்டு நிறம். தற்செயலாக இரண்டும் பிரிட்டிஷ் விமானங்களின் உருமறைப்பு வண்ணங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. ஆனால் கம்பிக்கு அடிக்கிற பெயின்ட் மெல்லியதாக இருக்குமா? சில இடங்களில் அரை மில்லிமீட்டர் தேறும். 72-ஆல் பெருக்கினால் அசல் விமானத்தில் மூன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பூச்சு. "கவசம்னு வச்சுக்க" என்றார் அப்பா. ஒட்டும் படங்களை, அதாவது இறக்கையில் வருகிற சிவப்பு வெள்ளை நீல வட்டங்களை, தண்ணீரில் ஊறவைக்க அம்மாவின் எவர்சில்வர் கிண்ணம் போயிற்று. ரசத்துக்குத் தேடியபோது அதில் பிரிட்டிஷ் விமானப்படை மிதந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"பறக்குமா சார்?"

"பறக்காது."

"அப்புறம் எதுக்கு சார்?"

நியாயமான கேள்வி. ஆனால் அப்பா தயாராக இருந்தார். "பறக்கறதை 1910-லயே இந்த ஊர்ல ஒருத்தர் செஞ்சு காட்டிட்டாருங்க. மவுண்ட் ரோடுல ஓட்டல் வச்சிருந்த டி ஏஞ்சலிஸ். சிம்சன் கம்பெனியில வச்சுச் செஞ்சு பல்லாவரத்துல பறக்கவிட்டாரு. அதையே நானும் செய்யறதுல என்ன இருக்கு?" வீட்டுக்காரர் அந்த மாதம் வாடகையைப் பற்றிப் பேச வந்தவர், பேசாமல் போனார்.

இந்தத் தகவலெல்லாம் அப்பாவுக்குத் திடீரென்று எங்கிருந்து வந்தது? கன்னிமாரா நூலகத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகிறவர் நூலகம் போக ஆரம்பித்தார். அங்கே விமானப் புத்தகம் ஒன்றில் அவர் கண்டுபிடித்த விஷயம் எங்கள் வீட்டையே புரட்டிப் போட்டது. டிஃபையன்டை முதலில் போருக்கு எடுத்துப் போனது பிரிட்டிஷ் விமானப்படையின் 264-வது ஸ்குவாட்ரன். அந்த ஸ்குவாட்ரனுக்குப் பிற்பாடு கிடைத்த பெயர் 'மெட்ராஸ் பிரசிடென்சி'. போர்க்காலத்தில் நம் மாகாணத்து மக்களிடம் திரட்டிக் கொடுத்த நிதிக்கு நன்றியாக வைத்த பெயர். அப்போது கவர்னர் ஆர்தர் ஹோப்.

அப்பா வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகப் பாட்டியிடம் கேட்டார், "அம்மா, அப்பா சம்பளத்துல வார் ஃபண்டுன்னு பிடிச்சாங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? ஒரு நாள் சம்பளம். அந்த மாசம் எண்ணெய் வாங்கலை."

அப்பா டிஃபையன்டைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். "இது நம்ம காசு."

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "எண்ணெயே வாங்கியிருக்கலாம்" என்றாள்.

தாத்தா காசு என்று ஆனபிறகும் அப்பாவின் தணிக்கைப் புத்தி அடங்கவில்லை. 1940 மே 29, டன்கர்க் கரைக்கு மேலே ஒரே நாளில் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அந்த ஸ்குவாட்ரன் கணக்குக் கொடுத்திருக்கிறது. "முப்பத்தேழுன்னா வவுச்சர் இருக்கா?" என்றார் அப்பா. கேட்டது வீண் போகவில்லை. ஜெர்மனியின் இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்ட சரித்திரக்காரர்கள் உண்மை எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே விமானத்தைப் பல பேர் சுட்டு, ஒவ்வொருவரும் தன் கணக்கில் எழுதிக்கொண்டால் கூட்டல் எப்படிச் சரியாக வரும்? இருந்தாலும் ஆரம்பத்தில் ஜெர்மானியர்கள் ஏமாந்தது நிஜம்தான். டிஃபையன்டை முன்னால் மட்டும் சுடுகிற ஹரிக்கேன் விமானம் என்று நினைத்து வழக்கம்போல் பின்னாலிருந்து வந்தார்கள். நாலு துப்பாக்கி வாயில் நேராக விழுந்தார்கள். பிறகு விஷயம் புரிந்து முன்னாலிருந்து வரத் தொடங்கியதும் டிஃபையன்டின் கதை முடிந்தது. 1940 ஆகஸ்டுக்குப் பிறகு அதைப் பகலில் அனுப்பாமல் ராத்திரி டியூட்டிக்குப் போட்டுவிட்டார்கள். "நான் அப்பவே கேட்டேனே, யார் சாங்ஷன் குடுத்ததுன்னு!" என்றார் அப்பா, பிரிட்டிஷ் விமானத்துறை அமைச்சகம் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல.

கடைசியில் ஒரு சட்டச் சிக்கல். சக்கரங்களை நீட்டி வைத்தால் விமானம் தானே நிற்கும். மடக்கி வைத்தால் நிறுத்த ஒரு கண்ணாடித் தாங்கி. இரண்டில் ஒன்றுதான். அப்பா சக்கரங்களை நீட்டி ஒட்டிவிட்டார், தாங்கி மிஞ்சியது. மிச்சம் என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது. "ஒதுக்கீடு பண்ணினதைச் செலவழிக்காம விட்டா அடுத்த வருஷம் வெட்டிடுவான்" என்று அதையும் சேர்த்தே மாட்டினார். ஆக எங்கள் டிஃபையன்ட் சக்கரத்தை நீட்டிக்கொண்டு, தரையைத் தொடாமல், தாங்கி மேல் நின்றது. இறங்குகிறதா ஏறுகிறதா என்பது தாய்க்கோப்பில் இல்லை.

அந்த வருஷ நவராத்திரிக்கு அது கொலுவில் ஏறியது. மேல்படியில் தசாவதாரம், நடுவில் செட்டியாரும் செட்டிச்சியும், தரையில் நாங்கள் போட்ட பார்க். கடுகு முளைத்த புல்வெளி, முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம். குளத்தை ஒட்டி டால்கம் பவுடரில் ஒரு ரன்வே. சுண்டலுக்கு வந்த மாமிகளை அப்பா வழிமறித்து, மெட்ராஸ் மாகாணத்தின் விமானம் இது என்று விளக்கினார். சுண்டல் கைக்கு வரும்வரை அவர்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. "புஷ்பக விமானம் மாதிரியா?" என்று ஒரு மாமி கேட்டார். "அதுல முன்னாடி துப்பாக்கி உண்டா?" என்று அப்பா திருப்பிக் கேட்டார்.

விஜயதசமி முடிந்ததும் அம்மா கொலுப் பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். டிஃபையன்டையும் அதே பத்திரத்தோடு சுற்றி, நான்கு பக்கமும் அந்துருண்டை போட்டாள். மறு வருஷம் பெட்டியைத் திறந்தோம். அந்துருண்டை நாப்தலின். அதன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். இறக்கை இரண்டும் தொங்கி, மூக்கு வேட்டியோடு ஒட்டி, வேட்டிக் கரை அதன் மேல் அச்சாகப் பதிந்திருந்தது. ஜெர்மன் விமானப்படை பாதியில் விட்ட வேலையை அந்துருண்டை முடித்திருந்தது. தாங்கி மட்டும் வளையவில்லை. அதில் பெருமைப்பட்டவர் அப்பா ஒருவர்தான்.

அவர் ஒன்றும் புலம்பவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து விளக்கத் தாளின் மேல் 'தள்ளுபடி செய்யப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார். அடுத்த லீவுக்கு வரும்போது என்ன கிட் வாங்கி வர வேண்டும் என்று சித்தப்பாவுக்கு அன்று ராத்திரியே கடிதம் போயிற்று. அதில் என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. பசை தனியாக வாங்கி வரவும் என்று அடிக்கோடு மட்டும் நான் போட்டேன், ஸ்கேல் வைத்து.

ஆயிரத்துக்கும் மேல் செய்த டிஃபையன்டுகளில் முழுசாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் 2015-ல் புது அச்சில் அதே விமானத்தை மறுபடி போட்டார்கள். நான் ஒன்று தருவித்தேன், என் மகளுக்கென்று. அப்பா அப்போது ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. பெட்டியைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் தேடினார், "பென்சில் எங்கே?" என்றார். மகளுக்கு "பிடி" என்கிற உத்தியோகம் அன்றே கிடைத்துவிட்டது.

ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு கிட் வாங்குவதாக இருந்தால் தயவுசெய்து இரண்டாக வாங்குங்கள். பசையும் இரண்டு டியூப். டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை வேண்டாம்.